பேனர்ல பை தைக்கலாமா? – சைக்கிள் டூர் கேள்வி பதில்

பழைய பேனர், கிழிஞ்ச குடை, பஞ்சர் கடை டியூப், ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை) சீட் பெல்ட், இதையெல்லாம் வச்சு சைக்கிள் டூருக்கு வேண்டிய பைகளை வீட்லயே தைச்சுக்கறது பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். கடுதாசி, வாட்ஸ்அப், ஒருத்தர் பேப்பர்ல பை படமே வரஞ்சு அனுப்பியிருக்கார். ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: தஞ்சாவூர்ல இருந்து வேளாங்கண்ணி போயி அப்படியே ஈசிஆர் ரோட்டைப் பிடிச்சு ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிள்ல போகணும்னு ஆசை. கேரியர் பக்கத்துல தொங்க விடற பானியர் பை விலை கேட்டா தலை சுத்துது. வீட்ல அம்மாவோட பழைய கால் மெஷின் இருக்கு, ஓரம் அடிக்க மட்டும் தெரியும். முதல்ல எதைத் தைக்கிறது?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, முதல் பையே கொக்கி, ரோல் டாப் (சுருட்டி மூடற வாய்), ஜிப்புனு போகாதீங்க. கேரியருக்கு ரெண்டு பக்கமும் தொங்குற ரெட்டைப் பை தைங்க. நம்ம ஊர்ல பால்காரரும் மீன்காரரும் சாக்கை வச்சு காலங்காலமா செய்யறதுதான் அது, ரெண்டு பை, நடுவுல கேரியர் மேல படுக்கிற ஒரு பட்டை, அவ்ளோதான், கொக்கியே தேவையில்ல. பைக்கு அகலம் 30 செ.மீ., உயரம் 35, ஆழம் 12 வச்சா ஒண்ணு 12 லிட்டர் சொச்சம் வரும், ரெண்டும் சேந்து 25 லிட்டர், உங்க ரூட்டுக்கு அது தாராளம்.

தைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை விட்டுட்டா பை எவ்ளோ அழகா இருந்தாலும் பிரயோஜனமில்ல. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு சீட்ல உக்காந்து பெடலை பின்னால சுத்துங்க, குதிகால் கேரியர் பக்கமா எதுவரைக்கும் வருதுனு பாத்து ஒருத்தரை விட்டு சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க. பை அந்தக் கோட்டுக்கு ரெண்டு விரல் பின்னாலதான் ஆரம்பிக்கணும், இல்லனா ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில இடிக்கும், நாள் முழுக்க இடிச்சா பையும் போச்சு முட்டியும் போச்சு. இடம் பத்தலைனா பையோட முன் ஓரத்தை நேரா வெட்டாம கீழ போகப் போக பின்னால சாயற மாதிரி வெட்டிக்கோங்க.

அடுத்தது ஆபத்தான விஷயம். சக்கரத்தைப் பாத்த பக்கம் விறைப்பா இருந்தே ஆகணும். துணி மட்டும் இருந்தா லோடு ஏத்தினதும் உள்ள வளைஞ்சு ஸ்போக்ல சிக்கும், ஓடற சக்கரத்துல பை சிக்கினா ஆளைத் தூக்கிப் போட்டுடும். இதுக்கு எலெக்‌ஷன் முடிஞ்சதும் தெருவுல கிடக்கிற சன்பேக் போர்டு, அதான் உள்ள கோடு கோடா ஓடற பிளாஸ்டிக் அட்டை, போதும். ஒரு ஷீட் வேணாம், ரெண்டு வெட்டி ஒண்ணோட கோடு மேல கீழ வர மாதிரியும் இன்னொண்ணோட கோடு குறுக்க வர மாதிரியும் வச்சு ஒட்டினா எந்தப் பக்கமும் மடங்காது. கீழ ரெண்டு மூலைலயும் பழைய டியூப்ல ஒரு வளையம் வெட்டித் தைச்சு, சக்கர அச்சு நட்டுக்குப் பக்கத்துல ஃப்ரேம்ல மாட்டி இழுத்து விடுங்க, பள்ளத்துல பை எகிறாது. தண்ணி பாட்டில், டூல்ஸ் மாதிரி கனமானதை அடில வைங்க, ரெண்டு பக்கமும் எடை ஏறக்குறைய சமமா இருக்கட்டும்.

ஆனா ஒண்ணு, கேரியரை மட்டும் நல்லா பாருங்க. பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள்னா கேரியர் கம்பி தாங்கும், நட்டு போல்ட்டு மட்டும் மாத்திடுங்க.

கேள்வி: எங்க மாமா கல்யாண பேனர் 10 அடிக்கு 8 அடி அப்படியே சுருட்டி பரண்ல கிடக்கு. அதுல முறையான பானியர் பை தைக்க அளவு சொல்ல முடியுமா? கனமா ஆகிடுமோனு பயமாவும் இருக்கு.
– வாசகர், விருதுநகர்

பதில்: கனத்தை முதல்ல கணக்கு போட்டுடலாம். ஃப்ளெக்ஸ்ங்கறது உள்ள பாலியஸ்டர் நூல் வலை, ரெண்டு பக்கமும் பிவிசி பூச்சு. சாதாரண பேனர் சதுர மீட்டருக்கு 300 கிராம் சுமார் வரும், தடிமனானது 400-ஐத் தாண்டும். கீழ நான் சொல்ற பைக்கு முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா துணி போகும், அப்ப ஃப்ளெக்ஸ் மட்டும் 210 கிராம். போர்டு, பெல்ட், கொக்கி எல்லாம் சேத்தா ஒரு பை அரை கிலோ பக்கம் நிக்கும். ரேஸுக்கா போறோம், பரவால்ல விடுங்க. ஆனா ஆசைக்கு உள்ளயும் ஒரு ஃப்ளெக்ஸ் லைனிங் வைக்காதீங்க, அங்கதான் எடை ஏறும்.

வெட்டு இப்படி. முன்பக்கம், அடி, பின்பக்கம் மூணையும் தனித்தனியா வெட்டாதீங்க, ஒரே நீளப் பட்டையா எடுங்க. அகலம் 34 செ.மீ., நீளம் 135. அதுல 60 முன்பக்கம், 15 அடி, 60 பின்பக்கம். பக்கவாட்டுக்கு 19-க்கு 62-ல ரெண்டு பட்டை. அகலத்துல எல்லாம் தையலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு செ.மீ. சேத்துதான் சொல்லியிருக்கேன். இப்ப என்ன லாபம்னா பையோட அடியில தையலே கிடையாது, ரோட்டுத் தண்ணி அடிக்கிறதும் கீழ வச்சா உரசறதும் அங்கதான். உயரம் 60 இருக்கேனு பாக்காதீங்க, மேல 20 செ.மீ. சுருட்டி மடக்கி கிளிப் போடறதுக்குப் போயிடும், மிச்சம் 40, அதுல 18 லிட்டர் கொள்ளும்.

தையலை உள்பக்கம் திருப்பாம வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி விட்டு, அது மேல பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்குல கீறிப் பட்டையா மடிச்சு பைப்பிங் மாதிரி அடிச்சிருங்க. ஃப்ளெக்ஸை உள்ள திருப்பினா மூலைல விறைச்சுக்கிட்டு நிக்கும், வெடிக்கவும் செய்யும். டியூப்பைக் கீறினதும் உள்ள இருக்கிற வெள்ளைப் பவுடரை சோப்பு போட்டு கழுவிக் காய வைங்க, இல்லனா மெஷின் பூரா மாவாயிடும்.

கொக்கிக்கு அலுமினியப் பட்டையை வளைச்சுக்கலாம், ஹார்டுவேர் கடைல எல்-ஹூக்கும் கிடைக்கும். அதை நேரா ஃப்ளெக்ஸ்ல ஓட்டை போட்டு மாட்டினா ஒரு ஸ்பீடு பிரேக்கர்லயே கிழியும், உள்ள போர்டு, வெளிய சீட் பெல்ட் துண்டு, நடுவுல ஃப்ளெக்ஸ்னு சாண்ட்விச் பண்ணி பெரிய வாஷர் வச்சு போல்ட் முறுக்குங்க. கொக்கி மேல டியூப் துண்டைப் போத்தினா லொடலொடனு சத்தமும் வராது.

மாமா கோவிச்சுக்க மாட்டார்ல?

கேள்வி: எனக்குக் கிடைச்ச பேனர்ல ஒரு கட்சித் தலைவர் முகம் பெருசா இருக்கு. அந்தப் பக்கம் வெளிய வரலாமா உள்ள வரலாமா? ஊர் ஊரா போகும்போது வம்பு வருமோ?
– பெயர் வேண்டாம் என்று சொன்னவர், சேலம் மாவட்டம்

பதில்: உள்ள போடுங்க சாமி. வம்புக்காக மட்டும் சொல்லல, பிரிண்ட் பண்ணின மை உரசினா உரியும், பின்பக்கம் வெள்ளையா இருந்தா வெயில்ல பை சூடேறாது, ராத்திரி பின்னால வர்ற லாரிக்காரருக்கும் கண்ணுல படும். பின்பக்கம் கருப்பா இருக்கிற பேனரும் உண்டு, அதுல ரிஃப்ளெக்டர் டேப் கட்டாயம் ஒட்டுங்க. இன்னொண்ணு, கட்டியிருக்கிற பேனரை அவுத்துட்டு வராதீங்க. விழா முடிஞ்ச மறுநாள் போய்க் கேட்டா அவங்களே குடுப்பாங்க, காதுகுத்து வீட்டுக்காரங்களுக்கு அதை எங்க போடறதுனே தெரியாது.

கேள்வி: நவம்பர்ல பாண்டிச்சேரி பக்கம் போனேன். ஃப்ளெக்ஸ்ல தைச்ச பைதான், அது வாட்டர்ப்ரூஃப் துணிதானே, ஆனா உள்ள துணியெல்லாம் ஈரம். எங்க தப்பு?
– வாசகி, சென்னை

பதில்: துணி வாட்டர்ப்ரூஃப், தையல் வாட்டர்ப்ரூஃப் இல்லைங்க. பருத்தித் துணில ஊசி குத்தினா நூல் விலகி மறுபடி மூடிக்கும், ஃப்ளெக்ஸ்ல குத்தினது குத்தினதுதான், ஓட்டை ஓட்டையாவே இருக்கும். ஒரு பைல நாலு மீட்டர் தையல் இருந்தா ஆயிரம் ஓட்டைனு வச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகை மழை மேல இருந்து மட்டுமா வருது, சக்கரம் கீழ இருந்தும் வாரி அடிக்குது.

ஜெர்மனில ஆர்ட்லீப்னு ஒரு கம்பெனி, உலகம் சுத்துறவங்க சைக்கிள்ல பாதிப் பேர்கிட்ட அந்தப் பைதான் தொங்கும். அதை ஆரம்பிச்ச ஹார்ட்மூட் ஆர்ட்லீப் மழைல நனைஞ்ச ஒரு சைக்கிள் டூர்ல லாரி தார்ப்பாயைப் பாத்துட்டுதான் இந்தத் துணில பை செஞ்சா என்னனு யோசிச்சார், 1982-ல கம்பெனி. ஆரம்பத்துல அவரும் மெஷின்ல தைச்சவர்தான், ஆனா தையல்ல தண்ணி போறதைத் தடுக்கணும்னா தையலே இருக்கக் கூடாதுங்கற முடிவுக்கு வந்து ஒட்டற டெக்னிக்குக்குப் போயிட்டாங்க. நம்ம வீட்ல அந்த மெஷின் கிடையாது. ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடைல பெரிய பேனருக்கு ரெண்டு துண்டைச் சேக்கறதுக்கு பேஸ்டிங் கம் வச்சிருப்பாங்க, சில கடைல சூடு காத்து மெஷினும் இருக்கும், சிநேகிதம் பிடிச்சு வச்சுக்கிட்டா பக்கத் தையலை மட்டும் அங்க ஒட்டி வாங்கிட்டு வந்துடலாம். நீங்களா இஸ்திரிப் பெட்டி வச்சோ மெழுகுவர்த்தி காட்டியோ ஒட்டப் பாக்காதீங்க, பிவிசி கருகினா வர்ற புகை அமிலப் புகை, நெஞ்சைப் பிடிக்கும். பைப் ஒட்டற சொல்யூஷனும் வேணாம், காஞ்சா கண்ணாடி மாதிரி விறைச்சு மடிப்புல வெடிச்சுடும். சிலிகான் பிவிசில பிடிக்கவே பிடிக்காது, உரிச்சா வாழைப்பழத் தோல் கணக்கா வந்துடும். செருப்புப் பசை முதல்ல நல்லா பிடிச்ச மாதிரி தெரியும், நாளாக ஆக பிவிசில இருக்கிற எண்ணெய் கசிஞ்சு பசை இளகிடும்.

என் யோசனை கேட்டீங்கன்னா பையை வாட்டர்ப்ரூஃப் ஆக்கறதை விட்டுடுங்க. பை வேலை சேத்தையும் உரசலையும் தாங்கறது. தண்ணியை உள்ள ஒரு கவர் பாத்துக்கட்டும், 25 கிலோ அரிசி மூட்டைக்குள்ள சில கம்பெனி கனமான பாலித்தீன் கவர் வைப்பாங்க பாருங்க, அது ஒண்ணு போதும், வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்டு. பையோட அடி மூலைல சின்னதா ஒரு ஓட்டையும் நானே வேணும்னு விடுவேன், உள்ள போன தண்ணி வெளிய வரணும்ல.

கேள்வி: அரிசி சாக்கு, சிமெண்ட் சாக்கு ரெண்டும் எடையே இல்லாம இருக்கே, ஃப்ளெக்ஸுக்குப் பதிலா அதுலயே தைச்சா?
– வாசகர், ஆரணி

பதில்: ஆரணில இருந்துக்கிட்டு அரிசி சாக்கைப் பத்தி என்கிட்ட கேக்கறீங்க பாருங்க. சிமெண்ட் சாக்கு வேணாம். அது பாலிப்ரொப்பிலீன் நாடாவை நெய்தது, வெயில் ஆகவே ஆகாது, ஒரு கோடைக்கு மொட்டை மாடில கிடந்த சாக்கைத் தொட்டுப் பாருங்க, விரல்ல பொடியா வரும். பளபளனு படம் போட்டு லேமினேஷன் பண்ணின அரிசிப் பை தேவலை, உள்ள வைக்கிற பைகளுக்கு, அதாவது சமையல் சாமான் பை, அழுக்குத் துணிப் பை, செருப்புப் பை, இதுக்கெல்லாம் அதை அடிச்சுக்க ஆளில்ல. அரிசி இருந்த பைங்கறதால சாப்பாட்டு சாமானையும் தைரியமா வைக்கலாம், ஃப்ளெக்ஸ்ல அப்படி வைக்காதீங்க, மையும் பிவிசி சமாச்சாரமும் சாப்பாட்டுல படக் கூடாது. வெட்டின ஓரம் பிரிஞ்சுக்கிட்டே வரும், ஊதுவத்தி நெருப்பை ஓரத்துல லேசா இழுத்துட்டுப் போனா உருகி நின்னுடும். ஜன்னலைத் திறந்து வச்சுட்டு பண்ணுங்க.

கேள்வி: அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல சைக்கிள் கத்துக்கிட்டவ நான். இப்ப டெய்லர் கடை வச்சிருக்கேன். மகளும் நானும் சைக்கிள்ல திருமயம், காரைக்குடினு போயிட்டு வர பை தைக்க உக்காந்தா ஃப்ளெக்ஸ் நகரவே மாட்டேங்குது, ஒரே இடத்துல குத்திக்கிட்டு நிக்குது, தையல் விட்டு விட்டு விழுது. இவ்ளோ வருஷம் ஜாக்கெட் தைச்சவளுக்கு மானம் போகுது.
– டெய்லர், புதுக்கோட்டை

பதில்: அக்கா, 90-கள் ஆரம்பத்துல உங்க மாவட்டத்துப் பொம்பளைங்க கூட்டம் கூட்டமா சைக்கிள் கத்துக்கிட்டதைத் தமிழ்நாடே பேசுச்சு, அதுல ஒருத்தர்கிட்ட இருந்து கேள்வி வருதுனா எனக்குத்தான் பெருமை. மானம் எல்லாம் போகல, ஜாக்கெட் செட்டிங்ல ஃப்ளெக்ஸ் ஓடாது, அவ்ளோதான்.

முதல்ல ஊசி. ஜாக்கெட்டுக்கு 14 போட்டிருப்பீங்க, ரெண்டு மடிப்பு ஃப்ளெக்ஸுக்கு 16, பெல்ட் வர்ற இடத்துக்கு 18. ஃப்ளெக்ஸ் ஊசியை சீக்கிரம் மழுக்கிடும், தையல் விட்டுப் போக பாதிக் காரணம் அதுதான், பை ஒண்ணுக்கு ஒரு ஊசினு கணக்கு வைங்க.

ரெண்டாவது தையல் நீளம். நாம துணிக்கு நெருக்கித் தைச்சாதான் உறுதினு பழகியிருக்கோம், இங்க அது தலைகீழ். ஃப்ளெக்ஸ்ல நெருக்கித் தைச்சா தபால் தலைல சுத்தி ஓட்டை இருக்குமே, அந்த மாதிரி ஆகி லோடு ஏத்தினதும் வரி பிடிச்சாப்ல கிழியும். மெஷின்ல உள்ளதுலயே நீளமான தையல், நாலு மில்லிமீட்டர் பக்கம் வைங்க. உறுதி வேணும்னா ஒரு செ.மீ. தள்ளி ரெண்டாவது வரி போடுங்க. குண்டூசி குத்தாதீங்க, பேப்பர் கிளிப்போ துணி காயப்போடற கிளிப்போ போட்டுப் பிடிங்க. பிரிச்சுத் தைக்கிற பழக்கம் இங்க செல்லாது, பழைய ஓட்டை அங்கேயேதான் இருக்கும், அதனால ஓரத்துல சாக்பீஸ் கோடு போட்டுட்டு மெதுவா போங்க.

மூணாவது அந்த ஒட்டல். பூட்டுக்கு அடில பிவிசி பிடிச்சுக்குது, கீழ பல் தள்ளுது மேல பூட்டு விட மாட்டேங்குது. ஃப்ளெக்ஸ் மேல கொஞ்சம் முகப் பவுடர் தூவுங்க, இல்ல பூட்டு அடில செலோ டேப் ஒட்டி ஊசி போற இடத்தை மட்டும் பிளேடுல வெட்டி விடுங்க. அப்பவும் சண்டித்தனம் பண்ணினா மேல நியூஸ் பேப்பர் வச்சு அதோட சேத்துத் தைச்சுட்டு அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம். தடிப்பு ஏறற இடத்துல மோட்டர் வேணாம், கையால சக்கரத்தைச் சுத்தி ஒவ்வொரு குத்தா தாண்டுங்க. உங்க கடைல மூலைல பழைய கருப்பு உஷாவோ சிங்கரோ கால் மெஷின் இருந்தா அதைத் தூசி தட்டுங்க, புது பிளாஸ்டிக் மெஷினை விட இந்த வேலைக்கு அந்த இரும்புதான் லாயக்கு.

கடைசில நூல். இதை எல்லாருக்குமாத்தான் சொல்றேன். துணி பழசா இருக்கலாம், பெல்ட் பழசா இருக்கலாம், கிளிப் பழைய ஸ்கூல் பேக்ல கழட்டினதா இருக்கலாம், நூல் மட்டும் புதுசா காசு குடுத்து வாங்கணும். காட்டன் நூல் ஈரத்துல மக்கிப் போகும். நைலான் பலம்தான், ஆனா வெயில்ல சீக்கிரம் தளரும். பாலியஸ்டர் நூல்ல தடிமனா, 40-ம் நம்பர்னு கேட்டு வாங்குங்க, இதுல நம்பர் கம்மியானா நூல் தடிமன். 20-ம் நம்பர் வீட்டு மெஷின்ல ஓடாது. மேல் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்கி, கீழ நூல் முடிச்சு முடிச்சா வரலையேனு ஒரு துண்டுல பாத்துட்டு ஆரம்பிங்க. திருமயம் கோட்டைகிட்ட சைக்கிளும் பையுமா ஒரு போட்டோ எடுத்தா எங்களுக்கும் அனுப்புங்க.

கேள்வி: குடைத் துணி என்னத்துக்கு ஆகும்? மூணு குடை இருக்கு, கம்பி போச்சு, துணி நல்லா இருக்கு.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எனக்குக் கேட்டா ஃப்ளெக்ஸை விட குடைத் துணிதான் பொக்கிஷம். லேசா இருக்கும், சுருட்டினா கைக்குள்ள அடங்கும், எந்த மெஷின்லயும் ஓடும், 11-ம் நம்பர் ஊசி போதும். 23 இன்ச் கம்பி வச்ச எட்டுக் கம்பி குடைல எட்டு முக்கோணம், ஒவ்வொண்ணும் உயரம் சுமார் 21 இன்ச், அடிப்பக்கம் 17 இன்ச். கத்திரியால வெட்டாதீங்க, தையல்லயே பிளேடு வச்சுப் பிரிங்க, அப்பதான் முழுசா கிடைக்கும். அப்புறம் ஒண்ணு நிமிந்து ஒண்ணு கவுந்துனு மாத்தி மாத்தி வச்சுச் சேத்தா வளைவெல்லாம் போயி பட்டையா வந்துடும், ஒரு குடைக்கு 21 இன்ச் அகலத்துல ஒண்ணே முக்கால் மீட்டர் நீளம் கணக்கு. மூணு குடைன்னா மூணு பட்டை, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு சேத்தா ஒருத்தர் படுக்கற அளவுக்கு மேல்கூரை ஷீட் ரெடி.

சேக்கும்போது ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி மாதிரி மடக்கி ரெண்டு வரி போடுங்க, ஜீன்ஸ் கால் தையலைப் பாத்தா புரியும். மடிப்பு வாய் கீழ பாக்கணும், மேல பாத்தா மழைத் தண்ணி அதுல தேங்கி உள்ள இறங்கும். கயிறு கட்டற மூலைங்களுக்கு மட்டும் சீட் பெல்ட் துண்டு வச்சு அடிங்க. உள்பக்கம் பூச்சு உரிஞ்சு செதில் செதிலா வர்ற துணின்னா கூரைக்கு வேணாம், சட்டை துணி சுருட்டி வைக்கிற சின்னப் பை, சீட்டுக்கு மழை உறை, ஹெல்மெட் உறைனு தைச்சுடுங்க. கூரைக்குக் கீழ பழைய கொசுவலைல பாதியை வெட்டித் தொங்க விட்டா நம்ம ஊருக்கு டென்ட்டே வேணாம், இங்க குளிரா கொல்லுது, கொசுதான்.

மழைக்காலத்துக்கு முன்னாடி குடை ரிப்பேர் பாக்கறவர் தெருவுக்கு வருவார்ல, அவர்கிட்ட துணி மட்டும் கேட்டுப் பாருங்க. அவருக்கு வேண்டியது கம்பிதான்.

கேள்வி: நானே தைச்ச பையோட கிளம்பினா வீட்டுக்காரர் "குப்பை பொறுக்கப் போறியா"னு கேக்கறார். என்ன பதில் சொல்றது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சுவிட்சர்லாந்துல ஜூரிக்ல மார்க்குஸ், டேனியல்னு ஃப்ரைடாக் அண்ணன் தம்பி ரெண்டு பேர், 1993-ல பழைய லாரி தார்ப்பாய், சைக்கிள் டியூப், கார் சீட் பெல்ட் மூணையும் வச்சு சைக்கிள்ல போறவங்களுக்குத் தோள் பை தைச்சாங்க. கவனிங்க, பேனருக்குப் பதிலா தார்ப்பாய், மத்தபடி நம்ம லிஸ்ட்டுல உள்ள அதே சாமான். அந்தப் பை நியூயார்க்ல மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட் கலெக்‌ஷன்ல இருக்கு. விலையை மட்டும் இன்டர்நெட்ல தேடி உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க, மனுஷன் உங்ககிட்ட ஒண்ணு ஆர்டர் குடுப்பார்.

கேள்வி: ஃப்ரேமுக்கு நடுவுல வைக்கிற முக்கோணப் பை தைச்சேன். வால்பாறை ஏறும்போது பாதில ஜிப் வாயைப் பொளந்துடுச்சு, கால் வேற உரசுது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: 40 கொண்டை ஊசி வளைவையும் வாய் பொளந்த பையோட ஏறினீங்களா, சபாஷ். ரெண்டு தொல்லைக்கும் காரணம் ஒண்ணுதான், பை ரொம்ப அகலம். ஃப்ரேம் பை 6 செ.மீ. தாண்டினா முட்டி உரசும், பை பெருசா இருக்கேனு அமுக்கி அடைச்சா ஜிப்தான் எல்லா இழுவையையும் வாங்கும். ஜிப்போட வேலை மூடறது, இழுத்துப் பிடிக்கறது இல்ல. பையோட நடு வயித்துல உள்ள ஒரு நாடாவை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சேத்துத் தைச்சா பை உப்பாது, ஜிப்பும் பிழைக்கும்.

ஜிப் 5-ம் நம்பர் காயில் (பிளாஸ்டிக் சுருள் பல் வச்சது) மீட்டர் கணக்குல வாங்கி ரன்னர் தனியா கோத்துக்கோங்க, ஒரு ரன்னருக்கு ரெண்டா போட்டா ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணு ஓடும். பழைய பேக்ல கழட்டின ஜிப் பாக்க நல்லா இருந்தாலும் ரன்னர் தேஞ்சிருக்கும். மெட்டல் ஜிப் வேணவே வேணாம், தனுஷ்கோடி உப்புக் காத்துல ஒரு ராத்திரி இருந்தாலே இறுகிடும். மூலைல வளைக்காம மேல் குழாய்க்கு இணையா நேரா வைங்க, மேல ஒரு விரல் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் மடிப்பு தொங்கினா மழையும் மண்ணும் ஜிப்ல ஏறாது. மறுபடி தைக்கறதுக்கு முன்னாடி அட்டைப் பெட்டியை ஃப்ரேமுக்குள்ள வச்சு அளவு வரஞ்சு, கியர் கேபிள் போற இடத்தை விட்டுட்டு வெட்டுங்க, பை கேபிளை அமுக்கினா கியர் தானா மாறும்.

கேள்வி: எங்க ஊர்ல பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கிடைக்குது. அதை அடைச்சு ஸ்லீப்பிங் பேக் தைக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தலையணை தைங்க. ஸ்லீப்பிங் பேக் வேணாம். பருத்தி கனம், ஈரமானா காயவே காயாது, ஈரப் பருத்திக்குள்ள குளிருக்குப் படுத்தா சூடே இருக்காது. சமவெளில நமக்கு அது தேவையும் இல்ல, அம்மாவோட பழைய காட்டன் புடவையை ரெண்டா மடிச்சு ஒரு பக்கமும் கீழயும் தைச்சா உறை மாதிரி உள்ள நுழைஞ்சு படுத்துக்கலாம், லாட்ஜ் மெத்தைலயும் உதவும். ஊட்டி, கொடைக்கானலுக்கு டிசம்பர் ஜனவரில போறீங்கன்னா காசு குடுத்தோ கடன் கேட்டோ நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுத்துட்டுப் போங்க, எல்லாத்தையும் தைச்சுதான் ஆகணும்னு விரதமா என்ன. வேஸ்ட்ல பாலியஸ்டர் ஃபிளீஸ் துண்டு கிடைச்சா மட்டும் விடாதீங்க, குல்லா, கைக்கவசம், கேமரா பைக்கு மெத்துனு உள் உறை, எல்லாத்துக்கும் ஆகும்.

கேள்வி: மெஷினே இல்ல. டெய்லர்கிட்ட குடுத்தா ஊசி உடையும்னு திருப்பி அனுப்பிட்டார்.
– வாசகர், அரியலூர்

பதில்: டெய்லர்கிட்ட போகாதீங்க, பேக் ரிப்பேர் கடைக்குப் போங்க, அவர் மெஷினே வேற. அதுவும் இல்லனா செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொக்கி ஊசி இருக்கும், சீட் பெல்ட்டை அரை மணி நேரத்துல அடிச்சுத் தந்துடுவார். பெல்ட் சேர்ற இடத்துல சதுரமா பெட்டி போட்டு நடுவுல பெருக்கல் குறி போடச் சொல்லுங்க. வெட்டின பெல்ட் நுனியை மெழுகுவர்த்தில லேசா காட்டி உருக்கிட்டுக் குடுங்க, அது பாலியஸ்டர், ஃப்ளெக்ஸ் மாதிரி புகைக்காது. பெல்ட் எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, சென்னைக்காரங்களுக்கு புதுப்பேட்டை, மத்தவங்களுக்கு உங்க ஊர்ல பழைய கார் உடைக்கிற எந்தக் கடையும். ரெண்டு விரலுக்குக் கொஞ்சம் கூட அகலம் இருக்கும், அதை நீளவாக்குல ரெண்டா வெட்டிடாதீங்க, நடுவுல பிரிஞ்சு நூல் நூலா வந்துடும்.

கேள்வி: வழியில பை கிழிஞ்சா?
– வாசகர், ஓசூர்

பதில்: 18-ம் நம்பர் கை ஊசி ரெண்டு, அட்டைல சுத்தின அஞ்சாறு மீட்டர் தடி நூல், உள்ளங்கை அளவு ஃப்ளெக்ஸ் துண்டு ஒண்ணு, கொஞ்சம் துணி டேப், இவ்ளோதான் வேணும். டேப்பைத் தனியா உருளையா எடுத்துட்டுப் போகாம காத்தடிக்கிற பம்ப் மேல சுத்தி வச்சுக்கோங்க. பஞ்சர் சொல்யூஷன் ஃப்ளெக்ஸ்ல பிடிக்காது, அதை நம்பாதீங்க. கிழிசலுக்கு உள்பக்கம் துண்டை வச்சு சுத்தி இடம் விட்டு விட்டு தைச்சு மேல டேப் ஒட்டினா வீடு வந்து சேரலாம். ஊசி இல்லனா ஊர்ல முதல்ல கண்ணுல படற பூக்கடைல கேளுங்க, கோணி ஊசி ஒண்ணாவது வச்சிருப்பாங்க.